எள்ளும் தேனும்

கிரான்பர்ன்,
02.02.2025

அன்புள்ள வதனி மச்சாளுக்கு,

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். எனக்கும் ராகவிக்கும் ஒன்றுமில்லை, இரண்டு பேரும் நல்ல சுகம். நீங்களும் ஆனந்தராஜா அண்ணையும் சுஜீதனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

தொலைபேசியில் நான் "மச்சாள்" என்று தொடங்கினால் நீங்கள் "ஓம், ஓம், எனக்கு விளங்குது" என்று முடித்துவிடுகிறீர்கள். போன கிழமை இருபத்தைந்து நிமிடம் கதைத்தோம். அதில் நான் சொன்னது மொத்தம் ஏழு சொல். அதனால்தான் இந்த முறை குசினி மேசையில் தாளை விரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். தாள் குறுக்கே பேசாது. நாள் முழுக்க ஊராருடைய கடிதங்களைத் தரம் பிரிக்கிற உங்களுக்கும் சொந்தமாக ஒன்று வரட்டுமே.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற கலியோப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கிரேக்கப் பெண், என்னைவிட நாலு வயது மூப்பு. வாயும் கையும் ஒன்றாக ஓடும். உங்களையும் அவளையும் ஒரு வீட்டில் விட்டால் நான் என்பாட்டுக்குப் போய்ப் படுக்கலாம். சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போய் அவர்களுடைய எள்ளுப் பலகாரம் பழகுகிறேன். சீனி இல்லை, சர்க்கரை இல்லை, எள்ளும் தேனும் பாதாமும்தான். வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து வைத்துக்கொண்டு, தேனைக் காய்ச்சி, தோடம்பழத் தோலைத் துருவிப் போட்டு, கறுவாத்தூள் தூவி, எள்ளைக் கொட்டிக் கிளறவேண்டும். பிறகு ஈரக்கையால் தட்டிப் பரப்பி, சாய்சதுரமாக வெட்டவேண்டும்.

எழுதச் சுலபம். முதல் நாள் நான் எங்கள் பாகுப் பழக்கத்தில் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சிவிட்டேன். கலியோப்பி "ஓஹி, ஓஹி" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவர்கள் பாஷையில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தமாம். அவள் வருவதற்குள் தேன் கல்லாகிவிட்டது. அவர்களுடைய பதம் வேறு. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையக் கூடாது, ஆனால் விரலால் அமத்தினால் நசியவேண்டும். ராகவி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் எள்ளுருண்டை, பட் ஹார்ட்" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்றாள். பன்னிரண்டு வயதுப் பல்லுக்கு எதுவும் சரி.

தேன் தருவது கலியோப்பியின் அண்ணன் மனோலிஸ். பஸ் ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஆறு தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். மனைவி இறந்து ஆறு வருடம். போன மாதம் எங்கள் தண்ணீர்க் குழாய் வெடித்தபோது அவர்தான் வந்து சரிசெய்து தந்தார். தேத்தண்ணி கொடுத்து இருக்கச் சொன்னேன். பக்கத்தில் காலியாக இருந்தது உங்கள் தம்பியின் கதிரை ஒன்றுதான், அதற்கு மேலே அவருடைய படம். மனோலிஸ் படத்தைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், நின்றுகொண்டே குடித்து முடித்துவிட்டுப் போனார்.

மச்சாள், உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். வருத்தமும் இல்லை, வீட்டுப் பிரச்சினையும் இல்லை. அதைச் சொல்லத்தான் தாளை எடுத்தேன். எள்ளில் தொடங்கித் தாள் முடிந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மச்சாள்
நிரூபா


மெரிலேண்ட்ஸ்,
16.02.2025

என் அன்பு நிரூபாவுக்கு,

ஏழு சொல் என்று எண்ணிக்கொண்டா இருந்தாய்? நல்ல வேலைதான். உன் கடிதத்தை இவரிடம் காட்டினேன். "பாவம் அந்தப் பிள்ளை, தப்புறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருபத்தெட்டு வருடமாக அவருக்குக் கிடைக்காத வழி அல்லவா.

குழாய் வெடித்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சிட்னியில் இருந்துகொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. கவலையாவது பட்டிருப்பேன். அந்தக் கிரேக்க மனிதர் மரியாதை தெரிந்தவராக இருக்கிறார். எங்கள் மிளகாய்த்தூள் ஒரு போத்தல் கொடுத்துவிடு.

எள்ளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எனக்கு எள் என்றால் சனீஸ்வரனும் திவசமும்தான் முதலில் வரும். தம்பி பிரஷாந்தனின் திவசம் இந்த முறை மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. நாலு வருடம் ஆகிவிட்டது, நம்ப முடிகிறதா? வழக்கம்போல மருமகன் முறைக்குச் சுஜீதன்தான் எள்ளும் தண்ணியும் இறைப்பான். ஐயருக்குச் சொல்லிவிட்டேன். நீ ராகவியையும் கூட்டிக்கொண்டு வரப் பார்.

இன்னொரு புதினம். வெரிபீயில் இருக்கிற கலா இரண்டாம் கல்யாணம் கட்டிவிட்டாளாம். எனக்கு இரஞ்சிதம் அன்ரி சொன்னவர். பிள்ளை வளர்ந்து நிற்கிறபோது இதெல்லாம் என்ன கூத்து? அந்தச் செத்துப்போன மனிசன்ரை சகோதரங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தாளா? எனக்கென்ன, அவளவளுடைய விருப்பம்.

நீ சொல்லப்போகிற விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. கிரான்பர்ன் வீட்டை விற்றுவிட்டு இங்கே வரப்போகிறாய், அதுதானே? எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! பக்கத்துத் தெருவில் ஒரு வீடு வாடகைக்குக் கிடக்கிறது, ராகவி அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். உடனே எழுது.

அன்புடன்
வதனி மச்சாள்


கிரான்பர்ன்,
09.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பக்கத்துத் தெரு வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. ஆனால் விஷயம் அதுவல்ல மச்சாள். கலாவைப் பற்றிய பகுதியை மூன்று தரம் வாசித்தேன். வாசித்துவிட்டுப் பாதி எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

திவசத்துக்கு வர முடியாது. அந்தக் கிழமை ராகவிக்குப் பள்ளிக்கூட முகாம், எனக்கு லீவு தரவும் மாட்டார்கள். இது முழு உண்மை இல்லை என்றாலும் பொய்யும் இல்லை. அன்றைக்கு இங்கே விரதம் இருந்து விளக்கேற்றுவேன்.

இதோடு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பதம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வெள்ளைத் தாளில் சுற்றி வெள்ளை நாடா கட்டிய பதினான்கு துண்டுகள். எள் வறுத்தது நான், வெட்டியது கலியோப்பி. தேன் சட்டியைவிட்டுக் கையெடுக்காமல் கிளறியது மனோலிஸ். கிளறிக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கரண்டியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "மச்சாளிடம் கேட்க வேண்டும்" என்றேன். "கேளுங்கள், தேன் கெட்டுப்போகாது" என்றார்.

இந்தப் பலகாரத்தை அவர்கள் குடும்பத்தில் எப்போது, யாருக்குக் கொடுப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். முதலில் ஒரு துண்டு சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள். பிறகு சொல்கிறேன். நான் பயந்தவள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று நீங்கள் ஒருவர்தான்.

உங்கள்
நிரூபா


மெரிலேண்ட்ஸ்,
21.03.2025

அன்பான நிரூபாவுக்கு,

திவசம் நல்லபடி நடந்தது. உன் பெட்டி திங்கட்கிழமை பின்னேரம் வந்தது. தபாலில் வேலை செய்கிறவளுக்கே தபால்காரன் பெட்டி கொண்டுவந்து கொடுப்பது ஒரு தனிச் சந்தோசம்.

திறந்து பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிண்டத்தில் சேர்க்கிறது எள்ளும் தேனும்தானே? வரமுடியாவிட்டாலும் உன் கையால் எள்ளும் தேனும் சேர்த்துத் திவசத்துக்கென்று பலகாரம் செய்து, வெள்ளைத் தாளில் சுற்றி நேரத்துக்கு அனுப்பியிருக்கிறாய். நாங்கள் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தாளைப் பிரித்து, வாழையிலையில் சோறு கறிகளுக்குப் பக்கத்தில், தம்பியின் படத்துக்கு முன்னால் பதினான்கையும் அடுக்கிப் படைத்தேன். ஐயர் பார்த்துவிட்டு, "வெள்ளை எள்ளாயிருக்கே" என்றார். "மெல்பேர்ணில் இருந்து தம்பியின்ரை மனிசி செய்து அனுப்பினது" என்றேன். "அப்ப சரி, அதைவிட என்ன வேணும்" என்றார்.

காகத்துக்கு வேலியில் ஒரு துண்டு வைத்தோம். ஒஸ்ரேலியாக் காகத்துக்குச் சோறு பிடிக்காது என்று உனக்குத் தெரியும். மூன்று வருடமும் எங்களை அரை மணித்தியாலம் கா கா என்று கத்தவைத்தது. இந்த முறை ஒரே பாய்ச்சலில் வந்து உன் துண்டைக் கவ்விக்கொண்டு போனது. பிடிபட்டுவிடுவோம் என்று பயந்தாற்போல் பறந்தது. தம்பியும் சாப்பாட்டைக் கண்டால் அப்படித்தான்.

இரஞ்சிதம் அன்ரி, "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மனிசி" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ அவனை மறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஏதோ சொல்லவேண்டும் என்றாயே. சொல்லு.

அன்புடன்
வதனி மச்சாள்


கிரான்பர்ன்,
29.03.2025

மச்சாள்,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில், காருக்குள் இருந்து வாசித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

இனி ஒளிக்க ஏலாது. நேரே சொல்கிறேன். நான் அனுப்பியது திவசத்துப் பலகாரம் இல்லை. மனோலிஸின் ஆட்கள் ஒரு தீவுக்காரர். அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு இந்தப் பலகாரம் இல்லாமல் முடியாது. மனோலிஸின் குடும்பத்தில் அதற்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குச் சொல்லும்போது காகித அழைப்பிதழ் கொடுப்பதில்லை. எள்ளும் தேனும் சேர்த்துச் செய்ததை வெள்ளைத் தாளில் சுற்றி, மிக வேண்டிய சொந்தத்துக்கு முதலில் கொடுப்பார்கள். வாங்கிச் சாப்பிட்டால் சம்மதம். அந்தப் பெட்டி உங்களுக்கு வந்த கல்யாண அழைப்பு மச்சாள். வாயால் சொல்லத் தைரியமில்லாமல், நீங்கள் சாப்பிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்று குறுக்கு வழி பார்த்தேன். அது நேரே அவருடைய படத்துக்கு முன்னால் போய் இருந்துவிட்டது. ஒரு பெண் தன்னுடைய இரண்டாம் கல்யாணப் பலகாரத்தை முதல் புருசனுடைய திவசத்துக்கு அனுப்பியதாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அபசகுனம் என்று கலியோப்பிக்குச் சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து அழுதாள்.

உங்கள் தம்பியை நான் மறக்கவில்லை. அதை நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. அவருடைய கதிரை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மனோலிஸ் இந்த வீட்டுக்கு வந்தது ஒன்பது தரம், ஒன்பது தரமும் நின்றுகொண்டுதான் தேத்தண்ணி குடித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த மனிதர்மேல் மனம் போனது. ராகவிக்குச் சொன்னேன். "வதனி மாமி உங்கட பக்கத்துப் பெரியம்மா மாதிரி வருவாவா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் அதுதான் பயம்.

மனோலிஸுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். ஜூன் 14, சனிக்கிழமை. கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. கலியோப்பி வீட்டு முன்னறையில் பதிவுக்காரர் முன்னால் கையெழுத்து, பிறகு சாப்பாடு. அவர் பக்கம் இருபது பேர். என் பக்கம் ராகவி.

நான் உத்தரவு கேட்கவில்லை மச்சாள். நாற்பத்தொரு வயதில் அதைக் கேட்டால் நீங்களே என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். என்னை விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிரூபா


கிரான்பர்ன்,
04.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

ஐந்து கிழமை ஆகிவிட்டது. தபால் பெட்டியைத் திறந்தால் கடைக்காரருடைய விளம்பரத் தாள்தான் இருக்கிறது. உங்கள் கையால் தரம் பிரித்த கடிதங்கள் ஊரெல்லாம் போய்க்கொண்டிருக்கும், என் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

போன் எடுக்க மாட்டேன். எடுத்தால் நான் அழுவேன், நீங்கள் பேசுவீர்கள், ஒன்றும் மிஞ்சாது. எனக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் இறைத்துப்போட்டீர்களா என்று மட்டும் தெரிந்தால் போதும். கோபம் என்றால் கோபம் என்றாவது ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் சரியாகிவிடும்.

மனோலிஸ் கல்யாணத்தைத் தள்ளிவைப்போமா என்று கேட்டார். உங்கள் கடிதம் வரட்டும் என்றேன்.

அண்ணையின் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்
நிரூபா


மெரிலேண்ட்ஸ்,
18.05.2025

என் நிரூபாவுக்கு,

எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். அதை மறைக்க மாட்டேன். உன் மார்ச் மாதக் கடைசிக் கடிதத்தைப் பாதி வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். மிச்சம் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். எதையும் முடியும்வரை கேட்கிற பழக்கம் எனக்கு எங்கே இருந்தது?

ஒரு உண்மையைச் சொல்கிறேன், யாருக்கும் காட்டாதே. உன் பெட்டி வந்த அன்றே எனக்கு விளங்கவில்லை என்றால் அது பொய். கரண்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆம்பிளை கேட்கிற கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியாத வயதா எனக்கு? விளங்கக் கூடாது என்று இருந்தேன். அதுதான் அவசர அவசரமாக அதைத் திவசத்துப் பலகாரமாக்கித் தம்பியின் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். அங்கே வைத்துவிட்டால் நீ அவனுக்கே உரியவளாக இருந்துவிடுவாய் என்று ஒரு எண்ணம். கலாவைப் பற்றி எழுதியதும் வெறும் புதினத்துக்காக இல்லை. உன்னுடைய முதல் கடிதத்தில் குழாய் வந்தது ஒரு தரம், அந்த மனிதரின் பெயர் வந்தது இரண்டு தரம். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. உன் வீட்டில் அவன் இருக்கிறான் என்றால்தான் எனக்கு எங்கேயோ அவன் இருக்கிறான். அதுதான் என் பிரச்சினை. உன்மேல் ஒரு பிழையும் இல்லை.

பதினான்கில் ஒன்று காகத்துக்குப் போனது. பன்னிரண்டைச் சுஜீதனும் கூட்டாளிமாரும் முடித்தார்கள். ஒன்றைத் தேயிலைப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. உன் மே மாதக் கடிதம் வந்த அன்று, குசினியில் நின்றபடி அதை வாயில் போட்டேன். அம்மாடி, என்ன ஒட்டு! மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பிடித்துக்கொண்டன. அரை மணித்தியாலம் ஒரு சொல் பேச முடியவில்லை. இவர் முன்னறையில் இருந்து, "என்ன, வீடு அமைதியாக் கிடக்குது? சுகமில்லையோ?" என்று எழும்பி வந்து பார்த்தார்.

வேறு வழியில்லாமல் அந்த நேரத்தில் லாச்சியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து, முழுவதையும், இடையில் ஒரு பதிலும் சொல்லாமல், கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். "என் பக்கம் ராகவி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இருபது பேருக்கு எதிரே பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றா?

நீ அபசகுனம் என்று எழுதியிருக்கிறாய். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். மிக வேண்டிய சொந்தத்துக்குத்தான் முதலில் கொடுப்பார்கள் என்றாயே. நாங்கள் யாரும் வாயில் வைக்க முதல் அது யாருக்குப் போனது? முதல் அழைப்பு அவனுக்குத்தான் போயிருக்கிறது. கொடுத்தது என்னுடைய கை. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. காகம் வந்த வேகத்தைத்தான் உனக்கு எழுதினேனே. அவனே சாப்பிட்டுவிட்டான், இனி நான் யார், வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்க?

ஜூன் பன்னிரண்டாம் தேதி இவரும் சுஜீதனும் நானும் வருகிறோம். வேலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றையும் தள்ளிவைக்க வேண்டாம் என்று சொல். பயத்தம் பணியாரம் இருநூறு சுட்டுக்கொண்டு வருவேன். முதல் தரம் உன்னைப் பார்க்க வந்தபோது நீ இருந்த பிளற் வீட்டு மாடிப் படிக்கட்டில் நான் வழுக்கி, தட்டோடு பணியாரம் முழுக்க உருண்டோடியது ஞாபகம் இருக்கிறதா? நீ ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி ஊதித் தட்டில் வைத்தாய். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவள்தான் என்று. இந்த முறை படி இல்லாத வீடாக இருந்தால் நல்லது.

அன்றைக்கு நான் உன்னைப் பெண் கேட்டு வந்தவள். ஜூன் பதினாலாம் தேதி பெண் கொடுக்க வருகிறேன். பெண் வீட்டார் எங்கே நிற்பது என்று கலியோப்பியிடம் கேட்டு வை.

உன்
வதனி அக்கா

பி.கு: அந்த மனிதருக்கு இனியும் நிற்கவைத்துத் தேத்தண்ணி கொடுக்காதே. கதிரையில் இருக்கச் சொல். பிரஷாந்தனின் அக்கா சொன்னதாகச் சொல்.